பைபாஸுக்குப் பிறகு அப்பா ஆளே மாறிப்போனார்: இது டெலிரியம்தானா, எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

தக்கலை மகள்

அப்பாவுக்கு 68 வயது. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழில். மூன்று ரத்தக்குழாயில் அடைப்பு என்று பைபாஸ் செய்தார்கள். அறுவை நல்லபடியாக முடிந்தது, வென்டிலேட்டரையும் எடுத்துவிட்டார்கள், என்னைப் பார்த்துப் பேசவும் செய்தார். மறுநாள் ராத்திரியிலிருந்துதான் பிரச்சினை. வெறுங்கையை மேலிருந்து சாய்வாக இழுத்து இழுத்துக் காட்டுகிறார், பட்டை சீவுகிற மாதிரியே. "சிரட்டை நிறைஞ்சு வழியுது, ஆரும் எடுக்கல்லியா?" என்று நர்ஸிடம் கேட்கிறார். கழுத்தில் மருந்து ஏற்றப் போட்டிருக்கும் லைனைப் பிடுங்கப் போனார் என்று கையைக் கட்டிலோடு கட்டி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது.

காலையில் டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வரும்போது தன் பெயர், ஊர், என் பெயர் எல்லாம் சரியாகச் சொல்லிவிடுகிறார். நன்றாக இருக்கிறார் என்று அவர்கள் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார்கள். பொழுது சாய்ந்தால் மறுபடியும் தொடங்குகிறது.

தம்பி மனநல டாக்டரைக் கூப்பிடலாம் என்கிறான். அத்தை, அடக்கம் செய்யாத ஏதோ ஆவி பிடித்திருக்கிறது என்று கயிறு மந்திரித்துக் கொண்டுவந்திருக்கிறார். டெலிரியமாக, அதாவது உடம்புக் கோளாறால் திடீரென்று வரும் மனக்குழப்பமாக, இருக்கலாம் என்று ஒரு நர்ஸ் மட்டும் சொன்னார். அதை எப்படி உறுதிசெய்வார்கள்? ரத்தப் பரிசோதனை உண்டா? தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டுமா?

ஐசியு நர்ஸ், மார்த்தாண்டம்

அக்கா, முதலில் பயப்படாதீர்கள். நான் இதய அறுவை ஐசியுவில்தான் வேலை பார்க்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே பாடமாக வைக்கலாம், அவ்வளவு தெளிவாக இருக்கிறது. திடீரென்று வந்தது, ராத்திரி கூடுகிறது, காலையில் தெளிகிறது. இப்படி ஏறி இறங்குவதுதான் டெலிரியத்தின் முதல் அடையாளம். இதய அறுவை முடிந்தவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் பாதிப்பேர் வரை இது வருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. எண்ணிக்கை இவ்வளவு மாறுவதற்கு முக்கியக் காரணம், சில இடங்களில் தேடிப் பார்க்கிறார்கள், சில இடங்களில் கண்ணில் பட்டால் மட்டும் எழுதுகிறார்கள். பெரும்பாலும் முதல் மூன்று நாளுக்குள் தலைகாட்டும்.

டெலிரியம் என்று காட்டிக்கொடுக்கிற ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. படுக்கை ஓரத்தில் நின்று கேட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாங்கள் பயன்படுத்துவது கேம்-ஐசியு என்ற முறை. 2001இல் வந்தது. வாயில் குழாய் இருந்து பேச முடியாதவர்களிடமும் செய்யலாம். நான்கு விஷயம் பார்ப்போம். ஒன்று, மனநிலை திடீரென்று மாறியதா அல்லது ஏறி இறங்குகிறதா. இரண்டு, கவனம் நிற்கிறதா. மூன்று, விழிப்பு நிலை வழக்கம்போல இருக்கிறதா, இல்லை படபடப்பாகவோ மந்தமாகவோ இருக்கிறதா. நான்கு, யோசனை கோர்வையாக இருக்கிறதா. முதல் இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும், கூடவே மூன்றாவதோ நான்காவதோ ஒன்று இருந்தால் டெலிரியம்.

கவனத்தைப் பார்ப்பதற்கு நோயாளியின் கையை என் கைக்குள் வைத்துக்கொள்வேன். பத்து ஆங்கில எழுத்துகளை மெதுவாக ஒவ்வொன்றாகச் சொல்வேன், 'ஏ' வரும்போது மட்டும் அவர் என் கையை அழுத்த வேண்டும். இரண்டுக்கு மேல் தப்பினால் கவனம் நிற்கவில்லை என்று அர்த்தம். ஆங்கில எழுத்துப் பழக்கம் இல்லாத பெரியவர்களிடம் எண்களைச் சொல்லி, 'ஒன்று' வரும்போது அழுத்தச் சொல்வோம். டெலிரியம் உள்ளவர் முதல் இரண்டு மூன்று சரியாக அழுத்துவார். அப்புறம் கை தளர்ந்துவிடும், கண் சீலிங் பக்கம் போய்விடும். இல்லாவிட்டால் எல்லா எண்ணுக்கும் அழுத்திக்கொண்டே இருப்பார். அந்தக் கையைப் பிடித்திருக்கும்போது தெரிகிற வித்தியாசம், பெயரும் ஊரும் கேட்டால் தெரியாது.

அதனால்தான் உங்கள் அப்பா காலையில் தப்பித்துவிடுகிறார். பெயரும் ஊரும் ஆழத்தில் கிடப்பவை, அவை கடைசிவரை கூட நிற்கும். முதலில் போவது கவனம்தான். அப்பாவுக்கு ஒவ்வொரு ஷிஃப்டிலும், முக்கியமாக ராத்திரி ஷிஃப்டில், இந்தப் பரிசோதனை செய்கிறார்களா என்று சார்ஜ் நர்ஸிடம் தன்மையாகக் கேளுங்கள்.

அழகியமண்டபம் ஜெபவீடு

எங்கள் அம்மாவுக்கு வால்வு மாற்றும் அறுவை நடந்தபோது இதற்கு நேர் எதிராக இருந்தது. சத்தமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார், கூப்பிட்டால் "ம்" என்பார், கஞ்சியை வாயில் ஊட்டினால் விழுங்காமல் அப்படியே வைத்திருப்பார். நல்ல ஓய்வு என்று எல்லோருக்கும் சந்தோஷம். பாஸ்டர் வந்தபோது கர்த்தருடைய ஜெபத்தை ஒரு சொல் பிசகாமல் கூடச் சொன்னார். பிறகு யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

எனக்கு மட்டும் மனது ஆறவில்லை. அம்மா ஊரில் ஒரு நிமிடம் வாய் மூடமாட்டார். வந்தவர்களிடம் சாப்பிட்டாயா என்று கேட்காமல் விட்டதே கிடையாது. என் மகன் வந்து கட்டிலருகே நின்றும் அவனைக் கேட்கவில்லை. அதை நான் சொன்ன பிறகுதான் ஒரு டாக்டரம்மா உட்கார்ந்து கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். ஞாயிறு, சனி என்று தொடங்கி, திரும்ப ஞாயிறு, திங்கள் என்று முன்னோக்கிப் போய்விட்டார். அமைதியாக வருகிற டெலிரியம் என்றார்கள். மார்புச் சளி கட்டி, ஆக்சிஜன் குறைந்திருந்தது.

மயக்கவியல் டாக்டர், நாகர்கோவில்

மேலே எழுதிய சகோதரி சொன்னது மிக முக்கியம். கத்துகிறவர், குழாயைப் பிடுங்குகிறவர் எல்லோர் கண்ணிலும் படுவார். சத்தமில்லாமல் கிடப்பவர்தான் தவறிப்போகிறார். சார்ட்டில் 'அமைதியாக இருக்கிறார்' என்று எழுதிவிடுவார்கள். வயதானவர்களிடம் இந்த வகைதான் அதிகம். மனப்பாடமான ஜெபமோ தேவாரமோ சரியாக வந்தது என்பதை வைத்து மூளை தெளிவாக இருப்பதாக முடிவு கட்டக்கூடாது. நாவுக்குப் பழகிப்போனதைச் சொல்லக் கவனம் அதிகம் வேண்டாம். கிழமையைப் பின்னோக்கிச் சொல்வதற்கு வேண்டும்.

தக்கலை மகளுக்கு: உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். டெலிரியம் என்று பெயர் வைப்பது பாதி வேலைதான். 'இதய அறுவைக்குப் பிறகு இது சகஜம்' என்று அங்கேயே நிறுத்திவிடுவது எனக்கு ஒப்புதல் இல்லாத விஷயம். காய்ச்சல் போல இதுவும் ஒரு அறிகுறி, அடியில் காரணம் இருக்கும். பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் இருக்கும்.

நான் பார்க்கிற வரிசை ஏறக்குறைய இப்படி. ஆக்சிஜன் சரியாக இருக்கிறதா, கார்பன் டை ஆக்சைடு தேங்குகிறதா (மந்தமாகக் கிடப்பவரிடம் இதை மறக்கவே கூடாது). சர்க்கரை, சோடியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் யூரியா, கிரியாட்டினின். ஹீமோகுளோபின் எவ்வளவு. இதயம் போதுமான ரத்தத்தைத் தள்ளுகிறதா, துடிப்பு தாறுமாறாகிவிட்டதா. நெஞ்சுச் சளி, சிறுநீர், காயம், லைன் போட்ட இடம் ஆகியவற்றில் தொற்று இருக்கிறதா. வலி அடங்கியிருக்கிறதா. சிறுநீர் கட்டியிருக்கிறதா, வயிறு போய் எத்தனை நாளாயிற்று. கடைசி இரண்டும் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) எடுத்த பிறகு சிறுநீர் கட்டிக்கொண்ட முதியவர் ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து உட்காருவார், காரணம் சொல்லத் தெரியாது.

பிறகு மருந்துச் சீட்டு. தூக்கத்துக்கு மிடசோலம், லோராசெபம் வகை கொடுத்திருக்கிறார்களா? அரிப்புக்கோ ரத்தம் ஏற்றுவதற்கு முன்போ போடுகிற பெனிரமின், வாந்திக்குக் கொடுக்கிற புரோமெத்தசின் போன்றவை முதியவர்களின் நினைவைக் கலக்கிவிடும். வலிக்குக் கொடுக்கும் ஓபியாய்டு (மார்பின் வகை மருந்து) அளவு கூடினாலும் அப்படித்தான். ஆனால் வலியை அடக்காமல் விட்டாலும் டெலிரியம் வரும், எனவே நிறுத்திவிடச் சொல்லி நீங்களாகச் சண்டை போடாதீர்கள்.

ஸ்கேன் பற்றி. பக்கவாதம் இதய அறுவைக்குப் பின் நூற்றில் ஒருவர் முதல் மூவர் வரை வரக்கூடியது, அதனால் சந்தேகம் நியாயம்தான். ஒரு கை காலில் பலம் குறைவு, வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கமே பார்ப்பது, மயக்கம் தெளியாமலே இருப்பது, இவற்றில் ஒன்று இருந்தால் உடனே தலைக்கு சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும். வலிப்பு மாதிரி இழுப்பு இருந்தாலோ, கண் திறந்தும் ஆள் இல்லாதது போலக் கிடந்தாலோ இஇஜி (மூளையின் மின்னலைப் பதிவு). இதெல்லாம் இல்லாமல் பொழுது சாய்ந்ததும் கூடி விடிந்ததும் தெளிகிறது என்றால் முதலில் மேலே சொன்னவற்றைப் பார்ப்பதுதான் பலன் தரும். இரண்டு கையையும் சமமாகத் தூக்குகிறாரா என்று கேளுங்கள். பட்டை சீவும்போது இரண்டு கையும் அசைகிறதா?

தக்கலை மகள்

இரண்டு கையும் அசைகிறது டாக்டர். வாய் கோணல் எதுவும் இல்லை. மருந்துச் சீட்டைக் கேட்டிருக்கிறேன்.

குளச்சல் தம்பி

ஒரு சந்தேகம். எங்கள் பெரிய மாமா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். அவருக்கும் அடுத்த மாதம் பைபாஸ். தினமும் குடிப்பார். ஆபரேஷன் செய்ய மாட்டார்கள் என்று பயந்து, "எப்போதாவது கொஞ்சம்" என்று அத்தை சொல்லி வைத்திருக்கிறார். இது இந்த விஷயத்தில் சிக்கலாகுமா?

மயக்கவியல் டாக்டர், நாகர்கோவில்

பெரிய சிக்கலாகும். குடி நின்ற இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வருகிற கடும் குழப்பம், நடுக்கம், வியர்வை, துடிப்பு ஏற்றம், இல்லாத பூச்சிகளைப் பார்ப்பது, எல்லாமே வெளியிலிருந்து பார்த்தால் அறுவைக்குப் பின் வரும் டெலிரியம் போலவே இருக்கும். நாளும் ஒத்துப்போகும். ஆனால் சிகிச்சை தலைகீழ். மற்றவர்களிடம் நாம் தவிர்க்கிற லோராசெபம் வகைதான் இங்கே மருந்து. கூடவே தயமின் (வைட்டமின் பி1) ஊசி. குடி விஷயம் தெரியாவிட்டால் தவறான பாதையில் போய்விடுவோம், வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

எவ்வளவு, எத்தனை வருடம், கடைசியாக எப்போது என்று மூன்றையும் அறுவைக்கு முந்தைய பரிசோதனையிலேயே மயக்க டாக்டரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். அதற்காக அறுவையை மறுத்துவிட மாட்டார்கள், முன்னேற்பாடு செய்வார்கள். மாமாவாகத் திடீரென்று குடியை நிறுத்தவும் வேண்டாம், டாக்டரிடம் கேட்டு நிறுத்தட்டும்.

ஐசியு நர்ஸ், மார்த்தாண்டம்

குளச்சல் தம்பி, வள்ளத்தில் போகிறவர் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நான்காவது விஷயமான யோசனையைப் பார்க்க நான்கு கேள்வி கேட்போம். கல் தண்ணீரில் மிதக்குமா, கடலில் மீன் இருக்குமா, ஒரு கிலோ இரண்டு கிலோவை விடக் கனமா, சுத்தியலால் ஆணி அடிக்கலாமா. ஆமாம், இல்லை என்று தலையசைத்தால் போதும். ஜூன், ஜூலை நம் மேற்குக் கடற்கரையில் விசைப்படகுத் தடைக்காலம். அப்போது ஒரு பெரியவரிடம் கடலில் மீன் உண்டா என்று கேட்டேன். "இப்போ எங்கே மக்ளே மீன்" என்று தலையை ஆட்டிவிட்டார். விதிப்படி அது தவறான பதில். ஒரு தவறு மட்டும் இருந்தால் கணக்கில் வராது, ஒன்றுக்கு மேல் போனால்தான் யோசனை கலைந்திருக்கிறது என்று எடுப்போம். மற்ற மூன்றும் சரி, இத்தனை விரல் காட்டுங்கள் என்றால் காட்டினார், இன்னொரு கையிலும் செய்தார். அவர் தெளிவாகத்தான் இருந்தார்.

இதே மாதிரி இன்னொரு சிக்கல். நம் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து பலர் திருவனந்தபுரத்துக்குத்தான் இதய அறுவைக்குப் போகிறோம். களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்களுக்கு மலையாளம் பிரச்சினை இல்லை. தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கத்துப் பாட்டிக்கு, காதும் மந்தமாக இருந்து, மாஸ்க் போட்ட நர்ஸ் மலையாளத்தில் கேட்டால் எப்படிப் பதில் வரும்? அதைக் கவனக் குறைவு என்று எழுதிவிட வாய்ப்பு இருக்கிறது. காது மெஷினை மாட்டி, கண்ணாடி போட்டு, வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொடுத்துப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

இரணியல் மருமகன்

எல்லாரும் கேள்வி கேட்பதையே பேசுகிறீர்கள். என் மாமனார் இப்படிக் குழம்பி, ராத்திரி கட்டிலை விட்டு இறங்கப் போய் நெஞ்சு எலும்புத் தையல் விட்டு, திரும்பத் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. ஊசி போட்டு முதலிலேயே தூங்க வைத்திருந்தால் அது நடந்திருக்காது. கையைக் கட்டினால் தப்பு என்று நினைக்காதீர்கள் தக்கலை அக்கா.

ஐசியு நர்ஸ், மார்த்தாண்டம்

நீங்கள் பட்டது பெரிய கஷ்டம் அண்ணா. அந்த ஆபத்து உண்மைதான். பேஸ்மேக்கர் கம்பி, நெஞ்சுக் குழாய், தமனி லைன் எல்லாம் இருக்கும்போது ஒரு இழுப்பு போதும். உயிருக்கு ஆபத்து என்ற நேரத்தில் சிறிது நேரம் கட்டுவோம், டாக்டர் சொன்னால் பதற்றத்தை அடக்கும் ஹாலோபெரிடால் ஊசி போடுவோம், அதற்கு முன் இசிஜியும் பார்ப்போம். ஆனால் கட்டி வைத்தால் இன்னும் மூர்க்கமாகப் போராடுகிறவர்களே அதிகம். ஹாலோபெரிடால் போட்டால் டெலிரியம் சீக்கிரம் தீர்வதும் இல்லை. தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் செய்த ஒரு பெரிய ஆய்வு 2018இல் வந்தது, மருந்து கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் டெலிரியம் நீடித்த நாட்களில் வித்தியாசம் இல்லை. ஆழமாகத் தூங்க வைத்துவிட்டால் கண்டுபிடிக்கவும் முடியாது. தட்டி எழுப்பியும் கண் திறக்காத நிலையில் கேம்-ஐசியு செய்ய முடியாது, தெளிந்த பிறகு வந்து பார்க்க வேண்டும்.

கட்டுவதை விட, தெரிந்த முகம் ஒன்று கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பலருக்கு நன்றாகவே வேலை செய்கிறது. அனுமதி கேட்டுப் பாருங்கள்.

மயக்கவியல் டாக்டர், நாகர்கோவில்

இந்த இழையில் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். டெலிரியம் என்பது ஒரு மாற்றம். மாற்றத்தைக் கண்டுபிடிக்க, முன்பு எப்படி இருந்தார் என்று தெரிய வேண்டும். அது எங்களுக்குத் தெரியாது. அறுவைக்கு முந்தின நாள் பத்து நிமிடம் பார்த்திருப்போம். வீட்டாருக்குத்தான் தெரியும். 'வழக்கத்தை விடக் குழப்பமாக இருக்கிறாரா?' என்று உறவினரிடம் கேட்கும் ஒற்றைக் கேள்வியே, யாரைப் பரிசோதிக்க வேண்டும் என்று பிரித்தெடுக்கும் அங்கீகரிக்கப்பட்ட சல்லடையாக மருத்துவத்தில் இருக்கிறது. மேலே ஒரு சகோதரி, பேரனிடம் சாப்பிட்டாயா என்று அம்மா கேட்கவில்லை என்று கவனித்தாரே, அது நூற்றுக்கு நூறு மருத்துவத் தகவல். 'அவர் இப்படிப்பட்டவர் இல்லை' என்று வீட்டார் சொன்னால், பதற்றத்தில் சொல்கிறார்கள் என்று ஒதுக்காமல், சார்ட்டில் எழுதி, உடனே போய்ப் பரிசோதிக்க வேண்டும்.

ஏற்கெனவே மறதி உள்ளவர்களிடம் இது இன்னும் முக்கியம். மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வருவது. நேற்று வரை பேப்பர் படித்தவர் இன்று தடுமாறினால் அது மறதி நோயாகாது. மறதி உள்ளவர் மீதும் டெலிரியம் வந்து உட்காரும், மற்றவர்களை விட அவர்களுக்கே அதிகம் வரும்.

பிசியோ, திங்கள்நகர்

சுருக்கமாக ஒன்று. பல்செட், கண்ணாடி, காது மெஷின் மூன்றையும் அறுவைக்கு முன் கழற்றி வீட்டாரிடம் கொடுத்திருப்பார்கள். ஐசியு வாசலில் நின்று திருப்பிக் கொடுங்கள். பகலில் ஜன்னல் வெளிச்சம், நாற்காலியில் உட்கார வைப்பது, ராத்திரி விளக்கைக் குறைப்பது. ஆள் எழும்பும்போது கையை ஊன்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நெஞ்செலும்பு இன்னும் சேர்ந்திருக்காது.

தக்கலை மகள்

எல்லோருக்கும் நன்றி. ராத்திரி டியூட்டி டாக்டரிடம், அப்பா இப்படிக் கை வீசுகிறார், அது அவர் தொழில், வீட்டில் ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை என்று சொன்னேன். அவர் அந்நேரமே வந்து கை அழுத்தும் பரிசோதனை செய்தார். பத்தில் பாதிக்கு மேல் தப்பு. பிறகு ரத்தம் எடுத்தார்கள், சோடியம் குறைந்திருந்தது. மருந்துச் சீட்டில் ராத்திரி அரிப்புக்கு அவில் ஊசி (டாக்டர் சொன்ன பெனிரமின்தான்) தொடர்ந்து போயிருக்கிறது, அதை நிறுத்தினார்கள். கட்டை அவிழ்த்துவிட்டு என்னைப் பக்கத்தில் உட்கார விட்டார்கள். அப்பா வெட்டுக்கு எழும்புவது விடியற்காலை மூன்று மணிக்கு. அந்த நேரம்தான் அதிகம் பதறுகிறார் என்று சொன்னதும், அப்போது கீழே படுக்கச் சொல்லிப் போராடாமல், தலைப்பக்கத்தை உயர்த்தி உட்கார வைத்தார்கள். இப்போது ராத்திரியும் பெருமளவு தெளிவு. மனநல டாக்டரும் வந்து பார்த்து, பைத்தியம் எதுவும் இல்லை, இதே டெலிரியம்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தையின் கயிறு என் பையில் இருக்கிறது, அவர் மனதையும் நோகடிக்க வேண்டாம்.

இது முழுதாகப் போய்விடுமா? வீட்டுக்குப் போன பிறகு திரும்ப வருமா?

மயக்கவியல் டாக்டர், நாகர்கோவில்

நல்ல சேதி. பெரும்பாலோருக்குச் சில நாளிலிருந்து ஒரு வாரம் பத்து நாளுக்குள் தெளிந்துவிடும். ஆனால் தெளிந்ததும் எல்லாம் முடிந்தது என்று நான் சொல்ல மாட்டேன். 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் இதய அறுவை செய்த 225 முதியவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். 46 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது. ஆறு மாதம் கழித்து, அறுவைக்கு முன்பிருந்த நினைவுத்திறனுக்குத் திரும்பாதவர்கள் டெலிரியம் வந்தவர்களில் 40 சதவீதம், வராதவர்களில் 24 சதவீதம். ஒரு வருடத்தில் அந்த இடைவெளி குறைந்துவிட்டது. எனவே மறதி, கணக்கில் தடுமாற்றம், மருந்து வேளை மாறுவது போன்றவற்றைச் சில மாதம் கவனியுங்கள். மாத்திரையை அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடாதீர்கள். ஐசியுவில் கண்டவை நினைவிருந்தால் சிலர் வெட்கப்பட்டுச் சொல்லாமல் உள்ளுக்குள் வைத்துக்கொள்வார்கள், கேட்டுப் பேச விடுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் 'அறுவைக்குப் பின் டெலிரியம்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒருமுறை வந்தவருக்கு அடுத்த அறுவையிலும் வர வாய்ப்பு அதிகம், அந்த மயக்க டாக்டருக்கு இது தெரிய வேண்டும்.

தக்கலை மகள்

அப்பாவுக்குக் கண்புரை அறுவை ஒன்று பாக்கி இருக்கிறது டாக்டர். அதனால்தான் கேட்கிறேன்.

மயக்கவியல் டாக்டர், நாகர்கோவில்

அது கண்ணை மட்டும் மரத்துப்போக வைத்துச் செய்வது, பொது மயக்கம் தேவைப்படாது. நெஞ்சு ஆறி, இதய டாக்டர் சரி என்று சொன்ன பிறகு போங்கள். சம்மரியை எடுத்துப் போய், தூக்க ஊசி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பார்வை தெளிவாவது அவருக்கு இந்த விஷயத்திலும் நல்லதுதான், தள்ளிப்போட வேண்டாம்.